கால் பங்குப் படிப்பு

“கிராமத்துப் பிள்ளைகளுக்கு எதிரில் நின்று சொன்னால்தான் மண்டையில் ஏறும். கூடிப் பேசுவது, குழுவாகச் செய்வது எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. பேராசிரியர்களுக்கே பாடம் நடத்தச் சொல்லித்தருவது அவர்களை அவமதிப்பது.” சென்ற இதழில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதியதன் சாரம் இது. மல்லசமுத்திரம் பக்கத்தில் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். தறி ஓட்டியும் போர்வெல் ரிக் வண்டிக்குப் போயும் பெற்றோர் கட்டுகிற ஃபீஸுக்கு நாம் செய்யும் துரோகத்தை இந்தக் கட்டுரை நியாயப்படுத்துகிறது.

ஆசான் சொல்ல மாணவன் கேட்பதே தமிழ் மரபு என்கிறார். நன்னூலின் பொதுப்பாயிரத்தை அவர் புரட்டியே பார்த்ததில்லையா? சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே பவணந்தி முனிவர் இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாடு சொந்தம் கொண்டாடும் அதே பவணந்திதான். ஆசிரியர் சொன்னதை முழுக்க உள்வாங்கினாலும் புலமையில் கால் பங்குதான் தேறும். உடன்படிப்பவர்களோடு பயின்றால் இன்னொரு கால். பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரை. ஹார்வர்டில் எரிக் மசூர் 1991இல் தன் இயற்பியல் மாணவர்களை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளச் சொன்னதும் இதே வழிதான். வெளிநாட்டுச் சரக்கு என்று இவர் தள்ளுவது நம் இலக்கண நூலின் வாசற்படியிலேயே கிடக்கிறது.

மசூர் பாணிக் கேள்வி ஒன்றை முதலாமாண்டு வகுப்பில் கேட்டேன். ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடர் இணைப்பில் எரிகின்றன. ஒன்றின் இரு முனைகளையும் ஒரு ஒயரால் நேராக இணைத்துவிட்டால் மற்றது என்ன ஆகும்? கிர்ச்சாஃப் விதிக் கணக்கைப் பிசகில்லாமல் போடுகிறவர்களே “மங்கிப்போகும்” என்று கை தூக்கினார்கள். விடை சொல்லாமல், பக்கத்திலிருப்பவரோடு பேசச் சொன்னேன். லீவு நாளில் மாமா கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பையன், வகுப்பில் வாயே திறக்காதவன், பின்பக்கம் திரும்பினான். “கரண்டு சுலுவான வழியிலதான்டா போகும். அந்தப் பல்பு அணைஞ்சிரும். வோல்டேஜ் பூராவும் இதுக்குத்தானே வருது? பளிச்சுன்னு எரியும்” என்றான். எதிரில் இருந்தவன் ஒப்புக்கொள்ளவில்லை. நோட்டில் படம் போட்டுச் சண்டை போட்டார்கள். மறுபடி கை தூக்கச் சொன்னபோது பெரும்பாலோர் சரியான விடைக்கு வந்திருந்தார்கள். அதே பாடத்தை ஒரு மணி நேரம் பவர்பாயிண்டில் ஓட்டியிருந்தால், யாருக்குப் புரியவில்லை என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

அறுபது பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்காதாம். ஐஐடி பாம்பேயில் நூற்றுக்கணக்கானோர் உட்காரும் கணினி நிரலாக்க வகுப்பிலேயே, தனியாக யோசித்து, ஜோடியாகப் பேசி, பிறகு எல்லோரோடும் பகிரும் முறையை நடத்திக் காட்டி 2013இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். மாணவர்களே லெக்சரைத்தான் விரும்புகிறார்கள் என்பது அவருடைய அடுத்த வாதம். உண்மைதான், விரும்புகிறார்கள். 2019இல் ஹார்வர்டில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, லெக்சர் கேட்டவர்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் அதிகம் கற்றிருந்தது மற்றவர்கள். 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, வெறும் லெக்சர் வகுப்புகளில் தோற்றவர்கள் 33.8 சதவீதம், மாணவர்கள் செயல்பட்ட வகுப்புகளில் 21.8 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் இந்த வித்தியாசத்துக்குப் பெயர் அரியர். முதல் தலைமுறைப் பட்டதாரியாக வேண்டிய ஒருவன் பட்டம் வாங்காமலே வீடு திரும்புவது இதனால்தான்.

சிலபஸ் முடியாது என்ற புலம்பலுக்கு நீளமான பதில் தேவையில்லை. ஐந்து யூனிட்டையும் ஆசிரியர் முடித்துவிடுகிறார். மாணவன் இரண்டோடு நின்றுவிடுகிறான்.

அவமதிப்பு என்ற சொல்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, தகுதித் தேர்விலும் தேற வேண்டும். 2007 வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலுக்கு மாறியபோது அந்த டீச்சர்கள் பாயில் உட்கார்ந்து அட்டைகளோடு புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். எங்களுக்கோ எம்.இ. பட்டம் இருந்தால் மறுநாளே வகுப்பில் நிற்கலாம். பாடம் நடத்துவது எப்படி என்று அதற்கு முன் ஒரு நாள்கூடப் படித்திருக்க வேண்டியதில்லை. இதில் யாருக்கு அவமானம்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கென்று இப்போது நடக்கிற எஃப்.டி.பி. என்னும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகளில் பெரும்பாலானவை வீண். லெக்சர் கூடாது என்பதையே நாள் முழுக்க லெக்சராகக் கேட்டு, சர்டிஃபிகேட் வாங்கி ஃபைலில் வைக்கிறோம். அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்பது என்ன நியாயம்? சீனியர் ஜூனியர் பார்க்காமல் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்காரட்டும். எந்தக் கேள்வியில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்று அன்று சாயங்காலமே டிபார்ட்மென்டில் பேசட்டும். ஒரு பாடத்துக்கு நல்ல கேள்விகள் பத்துத் தயாரிக்க நிர்வாகம் நேரம் ஒதுக்கட்டும், அதை வேலைப்பளுவில் கணக்கும் வைக்கட்டும். இதற்குப் பணம்கூடப் பெரிதாக வேண்டாம். பேராசிரியர் மறுபடி எழுதுவதாக இருந்தால், முப்பது வருடம் தான் நடத்திய பேப்பரில் எத்தனை பேருக்கு அரியர் விழுந்தது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.