பரம்பரையலகும் வாக்குச்சீட்டும்

மனிதனின் அரசியல் நடத்தையை அவனது பரம்பரையலகுகளைக் கொண்டு விளக்கிவிடலாம் என்னும் வாதம் விஞ்ஞானப் போர்வையுடன் மீண்டும் தலைதூக்கியுள்ளது. 1869 இல் கால்ற்றன் மேதைமையைக் குலவழிச் சொத்தாகக் கண்டார்; 1975 இல் எட்வேட் வில்சன் சமூகவுயிரியலை முன்வைத்தார். 2005 இல் அல்ஃபோட், ஃபங்க், ஹிபிங் என்னும் அரசறிவியலாளர் மூவர், அமெரிக்க, அவுஸ்திரேலிய இரட்டையர் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, அரசியல் மனப்பாங்கிற் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பரம்பரையால் வருவதென மதிப்பிட்டனர். கட்சிச் சார்பில் அப்பங்கு மிகச் சிறிதென அவர்களே கண்டமையை இக்கொள்கையைப் பரப்புவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இம்மதிப்பீட்டின் அத்திவாரம் யாது? ஒருகரு இரட்டையரும் இருகரு இரட்டையரும் ஒரேயளவு ஒத்த சூழலில் வளர்கின்றனர் என்னும் எடுகோளே. ஆனால், உருவொத்த இரட்டையரைப் பெற்றோரும் ஊராரும் ஒருவரைப் போலவே மற்றவரையும் நடத்துகின்றனர். அவர்களும் தம்முள் மிக நெருங்கிப் பழகுகின்றனர். இச்சூழலின் விளைவையும் பரம்பரையின் கணக்கில் எழுதுவது நீதியாகுமா?

2008 இல் ஃபவ்லரும் டோஸும் இரண்டு பரம்பரையலகுகள் வாக்களிப்பை எதிர்வுகூறும் என எழுதினர். 2012 இல் சார்னியும் இங்கிலிஷும் அவ்வாய்வை மீளப் பரிசோதித்து, அம்முடிவு நிலைபெறாது என வாதிட்டனர்.

அவுஸ்திரேலியாவின் வரலாற்றை நோக்குக. 1922 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தோர் நூற்றுக்கு அறுபதின்மரிலும் குறைவு. 1925 இல் தொண்ணூற்றொருவருக்கும் மேல். அம்மூன்றாண்டில் மக்களின் பரம்பரையலகுகளா மாறின? 1924 இல் வாக்களிப்பைக் கட்டாயமாக்கிய சட்டமன்றோ வந்தது!

பரம்பரை விகிதம் ஒரு குறித்த சூழலில் தனியாட்களிடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே கூறும். சூழல் மாறும்போது நிகழ்வதைக் கூறாது என்று அவர்கள் விடையிறுக்கலாம். எமது வாதமும் அதுவே. அரசியல் என்பது சூழலை மாற்றும் செயல். அம்மாற்றத்தைப் பற்றி வாய்திறவாத ஓர் எண் அரசியலை விளக்குவது எங்ஙனம்?

மனிதன் உடலுடையவன் என்பதை யாரும் மறுக்கவில்லை. மறுக்கப்படுவது, பிறப்பைத் தீர்ப்பாக்கும் துணிபே. 1927 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கட்டாய மலடாக்கலுக்கு இசைவளித்ததும், 1933 இல் ஹிட்லரின் ஜேர்மனி அதனைச் சட்டமாக்கியதும் இத்துணிபினாலேயே. வாக்களியாத ஏழையின் குருதியிற் காரணந்தேடுவோர், அவனை ஏழையாக்கிய ஒழுங்கைக் கேள்வியின்றித் தப்பவிடுகின்றனர். அவ்வொழுங்கைக் கேள்விக்குள்ளாக்குவதே சமூக விஞ்ஞானம் பயில்வோரின் முதற் கடன்.