அக்கினி மூலையில் வைஃபை

ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் ரோட்டுப் பக்கத்தில் குடியிருக்கும் தோழர் ஒருவர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். படித்தவர், பெரிய உத்தியோகம் பார்ப்பவர். “மாதந்தவறாமல் பணங்கட்டியும் முன் அறைக்கு வைஃபை எட்டுவதேயில்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான்” என்று குறைப்பட்டுக் கொண்டார். ரௌட்டர் எங்கேயென்று கேட்டோம். சமையலறைக்கு அழைத்துப் போனார்! மின்சாரச் சாமானெல்லாம் அக்கினி மூலையில்தான் இருக்கவேண்டுமென்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டாராம். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். பக்கத்திலேயே மைக்ரோவேவ் அடுப்பு.

தோழர்களே! வாஸ்து எழுதினவர் மின்சாரத்தைக் கண்டாரா, வைஃபையைக் கண்டாரா? ரௌட்டர் பேசுவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைகளில். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான். அடுப்பு ஓடும்போது அதில் கசிகின்ற அலை ரௌட்டரின் பேச்சைக் கெடுக்கும். ஆகவே வீட்டில் எந்த இடம் கூடாதோ அதையே தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறது சாஸ்திரம்! அலைக்கு அக்கினியும் தெரியாது, ஈசானியமும் தெரியாது. கனத்த செங்கற்சுவரும், இரும்புப் பீரோவும், தண்ணீர்த் தொட்டியுமே அதற்குத் தெரியும். 2.4 சுவரில் ஓரளவு நுழையும். 5 வேகமானது, ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடும். நடுவீடு பிரம்மஸ்தானமாம், அங்கே ஒன்றும் வைக்கலாகாதாம். அங்கேயே, தலையுயரத்தில் ஒரு மரப்பலகையின் மீது வைத்தோம். முன் அறைக்கு எட்டிற்று.

நிற்க, பாஸ்வேர்டு என்னவென்று பார்த்தால், குலதெய்வத்தின் பெயரும் 123-ம்! சாமி காப்பாற்றும் என்ற எண்ணம் போலும். ஊரே அறிந்த பெயர் பூட்டாகுமா? ரௌட்டரின் அமைப்பை மாற்றும் சாவியோ, கடையில் வாங்கியபோது இருந்த ‘அட்மின்’தான். 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்த சமயம் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கருடைய பூட்டில்லாத வைஃபை வழியாகவே போயிற்று. போலீசார் வந்து நின்றது அவர் வீட்டில்! டபிள்யூஇபி என்னும் பழைய பூட்டு 2001-லேயே உடைபட்டுப் போனது. டபிள்யூபிஏ2 ஆவது, 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 ஆவது வேண்டும். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக பாஸ்வேர்டு வைக்கவேண்டும். டபிள்யூபிஎஸ் பின் முறையை அணைத்துவிட வேண்டும். அதன் ஓட்டை 2011-லேயே வெளியாகிவிட்டது. ரௌட்டருக்குப் புதிய மென்பொருள் வந்தால் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நம்மை உறுத்திய சங்கதி வேறு. அவ்வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் மகன் மாலையில் பாடம் படிக்க வைஃபை கேட்டதற்கு, “பாதுகாப்பு கெட்டுவிடும்” என்று மறுத்தார்களாம். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவருக்கெல்லாம் சொல்லுகின்ற பாஸ்வேர்டு, இந்தப் பையனுக்குச் சொன்னால் மாத்திரம் கெட்டுவிடுமோ? பாதுகாப்பு மெய்யாகவே வேண்டுமானால் அதற்கும் வழியுண்டு. பல ரௌட்டர்களில் விருந்தாளிக்கென்று தனி வைஃபை அமைக்கலாம்; அதில் சேருகிறவர் இன்டர்நெட்டைப் பெறுவார், வீட்டுக் கம்ப்யூட்டரையும் கேமராவையும் தொடமுடியாது. டீக்கடைத் தனிக்குவளையாக இதை ஆக்கிவிடக் கூடாது. சம்பந்தி வந்தாலும், மாஜிஸ்திரேட் வந்தாலும் இதே வழிதான் என்று கண்டிப்பாகச் சொன்னோம். தோழர் சற்று வெட்கப்பட்டார். அன்று மாலையே செய்துவிட்டார். பையன் இப்போது பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறான். அவருடைய தாயார் மாத்திரம் சமையலறை ஆணியைப் பிடுங்க இன்னும் சம்மதிக்கவில்லை.