ஓடினால் போதுமா?

தெரணியகலையில் வேன் என்ஜின் செய்யக் கொடுத்தவர் விவரம் கேட்டால், "வண்டி ஓடுதுதானே, பிறகென்ன?" என்று கராஜ்காரருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தபோது பழைய பாகம் இல்லாமல் பிழைப்பிருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கொழும்பில் பழைய பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைச் சாமானைப் பழையதென்று சொல்லிப் போட்டால் யார் குறை சொல்வார்? கோடு விழுந்த பழைய பெயாரிங்கைத் துடைத்து வைத்துவிட்டு, பில்லில் 'புதுசு' என்று எழுதுவதுதான் திருட்டு. பாரத்தோடு தோட்ட மேடு ஏறும்போது அது தேய்ந்து ஒயில் பிரஷர் இறங்கினால், கிராங்கும் சேர்ந்தே போகும். அப்போது ஓடுமா?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் இப்படி ஏமாற்றி விற்பதைத் தடுக்கிறது. கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் பொய் இருந்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள்.