காத்தாடி வாங்கினால் கட்டுப்படியாகுமா?

மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டியதும் கவனிப்பது காற்றாலைகளைத்தான். காற்றாலை என்பது பேப்பரில் எழுதுகிற பெயர், பேச்சில் காத்தாடி. கண்டமனூர், தேனி என்று போகப் போக வரிசையாக நிற்கும். கேரளப் பக்கமிருந்து தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியாகப் பிய்த்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குவதால்தான் இத்தனை காத்தாடி. வெளியூர் நண்பர்கள் "இதுல எவ்ளோ கரன்ட் வரும்?" என்பார்கள். நம்ம ஊர்க்காரர் கேட்பது வேறு. "போட்ட காசு எப்ப வரும்?"

வணிகவியல் படிக்கிறவனுக்கு இரண்டாவது கேள்விதானே பிடிக்கும். ஆனால் அந்தக் கேள்வியை நாம் கேட்கிற விதம் தப்பு என்பது என் கட்சி.

வகுப்பில் சொல்லித் தருவது சுலபம். முதலீட்டை வருட வருமானத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் முதல் திரும்பும் என்று வந்துவிடும். செய்து பார்ப்போம். 2009ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் காற்றாலை மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் 39 காசு என்று விலை வைத்தது. ஒரு காற்றாலை தன் முழுத் திறனில் சராசரியாக 27.15 சதவீதம் ஓடும் என்பது அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்ட அளவு. ஒரு மெகாவாட் இயந்திரம் என்றால் வருடத்துக்கு 23.78 லட்சம் யூனிட், சுமார் 80 லட்சம் ரூபாய். இயந்திரம், கம்பி இழுப்பது எல்லாம் சேர்த்து ஐந்தரைக் கோடி என்று வைத்துக்கொள்வோம். ஏழு வருடத்துக்குள் முதல் வந்துவிடும். இயந்திரத்தின் ஆயுள் 20 வருடம். பிரமாதம், இல்லையா?

இங்கேதான் நிற்க வேண்டும். அந்த ஐந்தரைக் கோடியை யாரும் பீரோவிலிருந்து எடுத்துத் தருவதில்லை. 70 சதவீதம் பேங்க் கடன், 12 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் முதல் வருடம் வட்டி மட்டும் 46 லட்சம், அசல் 38 லட்சத்துச் சொச்சம். மொத்தம் கிட்டத்தட்ட 85 லட்சம். வருமானம் 80. பராமரிப்பு, இன்சூரன்ஸ் என்று 10 லட்சம் போனால் கையில் 70. பதினான்கு லட்சம் துண்டு விழுகிறது. காற்று கொஞ்சம் சோம்பேறியாகி 27க்குப் பதில் 20 சதவீதமே ஓடினால் துண்டு 35 லட்சம், வட்டியைத் தாண்டி அசலுக்குச் சில்லறைதான் மிஞ்சும். (பராமரிப்பும் வட்டியும் நான் உதாரணத்துக்கு வைத்த எண்கள். உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள், பெரிதாக மாறாது.)

அப்புறம் ஏன் நூற்பாலைக்காரர், நகைக்கடைக்காரர், துணிக்கடைக்காரர் எல்லாம் காத்தாடி வாங்கினார்கள்? பதில் காற்றில் இல்லை, வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது.

2012 மார்ச் வரை காற்றாலைக்கு முதல் வருடமே 80 சதவீதம் தேய்மானம் எழுதிக்கொள்ளலாம். ஐந்தரைக் கோடியில் 4 கோடி 40 லட்சத்தை முதல் வருடமே செலவாகக் காட்டலாம். வேறு தொழிலில் நல்ல லாபம் பார்க்கிற கம்பெனிக்கு வரி சுமார் 32.5 சதவீதம் என்றால் அந்த வருடம் கட்டாமல் விடுகிற வரி 1 கோடி 43 லட்சம். விற்க வந்தவர்கள் முதலில் சொன்னது இந்த எண்ணைத்தான். காற்று எப்படி என்பதெல்லாம் மூன்றாவது பக்கத்தில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானம். அதனால் செப்டம்பர் 30க்குள் ஓட்டிவிட வேண்டும் என்று ஒரு ஓட்டம், அதைத் தவறவிட்டவர்களுக்கு மார்ச் 31க்குள் என்று இன்னொரு ஓட்டம். நம்ம பக்கம் காற்று மே மாதம் ஆரம்பித்து செப்டம்பரில் ஓய்கிறது. வருட உற்பத்தியில் சுமார் 70 சதவீதம் இந்த ஐந்து மாதத்தில்தான். ஆக, மார்ச் கடைசியில் நிறுத்திய காத்தாடி பேருக்கு நாலு சுற்று சுற்றிவிட்டு, ஐந்தரைக் கோடியில் 40 சதவீதத்தைத் தேய்மானமாக வாங்கிவிடும். ஆடிக் காற்றுக்கு நான்கு மாதம் முன்னாலேயே ஆடிட்டர் காற்று அடித்து முடிந்துவிட்டது :-)

சரி, அந்த 1.43 கோடி உண்மையான லாபமா? முழுசாக இல்லை. ஐந்தரைக் கோடிக்கு மேல் தேய்மானம் எழுத முடியாது. 15 சதவீத வேகத்தில் எழுதினாலும் 80 சதவீத வேகத்தில் எழுதினாலும் கடைசியில் மிச்சமாகும் வரி ஒன்றேதான், 1 கோடி 79 லட்சம். சீக்கிரம் கிடைப்பதா, மெதுவாகக் கிடைப்பதா என்பது மட்டுமே வித்தியாசம். அந்தச் சீக்கிரத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. இன்று கிடைக்கும் ஒரு ரூபாயும் அஞ்சு வருடம் கழித்துக் கிடைக்கும் ஒரு ரூபாயும் ஒன்றல்ல என்பதற்காகத்தானே தள்ளுபடி விகிதம் என்று ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். 12 சதவீதத்தில் தள்ளிப் பார்த்தால் 80 சதவீதத் தேய்மானத்தின் இன்றைய மதிப்பு 1 கோடி 55 லட்சம், 15 சதவீதத்தினுடையது 99 லட்சம். வித்தியாசம் 56 லட்சம். அதாவது சலுகையின் நிஜ மதிப்பு முதலீட்டில் பத்தில் ஒரு பங்குதான். கடையில் பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் நாம் எவ்வளவு யோசிப்போம்? அவ்வளவுதான் இதற்கும் யோசித்திருக்க வேண்டும். ஆனால் "முதல் வருடமே ஒன்றரைக் கோடி" என்று காதில் விழுந்தால் யோசனை நின்றுவிடுகிறது.

2012 ஏப்ரலில் இந்த 80 சதவீதத்தை 15 ஆக்கினார்கள் (தகுதி உள்ளவர்களுக்குக் கூடுதலாக 20 உண்டு). இந்தியா முழுக்க 2011-12ல் சுமார் 3,200 மெகாவாட் காற்றாலை புதிதாக வந்தது. அடுத்த வருடம் சுமார் 1,700. யூனிட்டுக்கு 50 காசு தந்துவந்த மத்திய அரசின் ஊக்கத்தொகையும் அதே சமயத்தில் நின்றதால் பழியை முழுக்கத் தேய்மானத்தின் தலையில் போட முடியாது. ஆனால் அந்த வருடம் காற்று பாதியாகக் குறையவில்லை, இயந்திரமும் மோசமாகிவிடவில்லை. 2014ல் 80 சதவீதம் திரும்பி வந்தது, 2017 ஏப்ரல் முதல் 40 ஆகக் குறைத்தார்கள். இப்படிப் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் ஆடுகிற ஒன்றை நம்பி 20 வருட இயந்திரம் வாங்கலாமா?

நான் சொல்கிற முறை இதுதான்: முதலில் சலுகை எதுவும் இல்லாமல் கணக்குப் போடுங்கள். அதில் தேறினால் வாங்கலாம், சலுகை மேலே கிடைக்கிற வரவு. சலுகையைச் சேர்த்தால்தான் தேறுகிறது என்றால் நீங்கள் வாங்குவது இயந்திரம் இல்லை, ஒரு சட்டப் பிரிவு.

அப்படிப் போட்டால் காத்தாடியே கூடாது என்று வந்துவிடுமா? வராது. அதே 2012ஐ எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் உயரழுத்தத் தொழிற்சாலைக் கட்டணம் யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசு ஆனது. போதாக்குறைக்கு மின்வெட்டு. ஜெனரேட்டர் ஓட்டினால் டீசலுக்கே யூனிட்டுக்கு 12 ரூபாய்க்குக் குறையாது. அந்த நிலைமையில் சொந்த மில்லுக்காகக் காத்தாடி வைத்திருந்த நூற்பாலைக்கு அதே 23.78 லட்சம் யூனிட்டின் மதிப்பு என்ன? கடத்தல் கட்டணம், பேங்கிங் கட்டணம், வழி இழப்பு எல்லாம் போய் யூனிட்டுக்கு நாலரை ரூபாய் நின்றால்கூட 1 கோடி 7 லட்சம். பராமரிப்பு 10 லட்சம் போக 97. பேங்க் தவணை 85. வரிச் சலுகை ஒரு பைசா சேர்க்காமலே தேறிவிட்டது!

அதே இயந்திரம், அதே காற்று. வாரியத்துக்கு விற்கிற துணிக்கடைக்காரருக்குத் துண்டு விழுகிறது, மில்காரருக்கு மிச்சமாகிறது. அதனால் "காத்தாடி லாபமா?" என்று பொதுவாகக் கேட்பதற்கு அர்த்தமே இல்லை. யாருக்கு, எந்த மின்சாரத்துக்குப் பதிலாக என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

வாரியத்துக்கு விற்றவர்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. அந்த வருடங்களில் மின் வாரியத்திடம் பணம் இல்லை. காற்றாலைக்காரர்களுக்கான பில் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் நிலுவையில் நின்றது. 80 லட்சம் ஒரு வருடம் தாமதமானால் 12 சதவீத வட்டிக்கு 9 லட்சத்து 60 ஆயிரம் காலி. நல்ல காற்று நாளில் கிரிட் தாங்காது என்று நிறுத்தச் சொன்னதும் உண்டு. முதல் திரும்பும் காலத்தை ஒரே வரியில் சொல்லும் கணக்கில் இதற்கெல்லாம் இடமே கிடையாது.

மானியத்துக்கும் இதே பார்வைதான். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் பற்றாத வாழைத் தோட்டத்தில் மானியமே இல்லாவிட்டாலும் அது தேறும் என்பேன், மிச்சமாகும் தண்ணீரே கூலி. இலவசம் என்பதற்காக மட்டும் போட்டவர் வடிகட்டியைக் கழுவ மாட்டார், குழாய் சுருட்டி வரப்பில் கிடக்கும்.

இப்போது காற்றாலையில் அடுத்த கேள்வி வந்திருக்கிறது. முப்பந்தல் பக்கமும் இன்னும் சில இடங்களிலும் 225, 250 கிலோவாட் சின்ன இயந்திரங்கள், காற்று நன்றாக அடிக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதை இறக்கிவிட்டு இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரம் நிறுத்துங்கள் என்று 2024ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே கொண்டுவந்தது. வெளியிலிருந்து பார்த்தால் யோசிக்கவே வேண்டாம் என்று தோன்றும். உரிமையாளர் தயங்குகிறார், அவர் தயக்கத்தில் கணக்கு இருக்கிறது. 250 கிலோவாட் கிழம் 18 சதவீதமே ஓடினாலும் வருடத்துக்கு 3.94 லட்சம் யூனிட். கடன் எப்போதோ முடிந்துவிட்டது. உயரழுத்தக் கட்டணம் இன்று 7 ரூபாய்க்கு மேல். அதோடு 2018 மார்ச்சுக்குள் ஓடத் தொடங்கிய காற்றாலைகளுக்கு, ஆடியில் எடுத்த மின்சாரத்தை வாரியக் கணக்கில் வைத்துத் தையில் எடுத்துக்கொள்கிற 12 மாத பேங்கிங் உண்டு. புதியதற்கு அந்த உரிமை அப்படியே வராது என்பதுதான் அவர்களுடைய பெரிய மனக்குறை. ஆகவே புது இயந்திரத்தின் மொத்த வருமானத்தைக் காட்டி அவரை மசிய வைக்க முடியாது. பழசு சும்மா நின்றே தருவதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் புதுக் கடனுக்கு எதிரே வைக்க வேண்டும்.

அதிலும் பெரிய இறக்கைக்கு இடைவெளி அதிகம் வேண்டும். பக்கத்துப் பக்கத்து மூன்று, நாலு பேர் தங்கள் காத்தாடியை இறக்கினால்தான் ஒன்று நிறுத்த இடம் கிடைக்கும். அதில் ஒருவர் மில் வைத்திருப்பார், ஒருவர் வாரியத்துக்கு விற்பார், இன்னொருவர் வரிக்காக வாங்கிப் போட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போயிருப்பார். நாலு பேரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் நாலு விடை வரும், நாலும் சரியாகவே இருக்கும்.