அனுபவம் கவசமாகாது

உழவுத் தொழிலில் யந்திரங்கள் புகுந்த தேசங்களிலெல்லாம் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நெடுங்காலம் டிராக்டர் ஓட்டிப் பழகிய கைக்கு விபத்து நேராது என்பதும், பாதுகாப்புச் சாதனங்கள் கற்றுக்குட்டிகளுக்காக ஏற்பட்டவை என்பதும், யாரேனும் நசுங்கி மாண்டால் அதற்கு அவருடைய அஜாக்கிரதையோ விதியோதான் காரணம் என்பதும் அந்த நம்பிக்கையின் மூன்று அங்கங்கள். இம்மூன்றும் பிழை, அதிலும், உயிர்களைப் பலி கொள்ளும் பிழை. மேலை நாட்டுப் பண்ணைகளில் உலர்புல் உருளைகளை டிராக்டரின் முன்புறத் தூக்கியால் எடுத்து அடுக்கும் வேலையை ஊன்றிக் கவனிப்பவருக்கு இது சந்தேகத்துக்கு இடமின்றி விளங்கும்.

அமெரிக்காவின் ஐயோவா மாகாணத்தில், பெல்லா என்னும் ஊரில், கேரி வெர்மீர் என்பவர் 1971-ஆம் ஆண்டில் புல்லைப் பெரிய உருளைகளாகச் சுருட்டிக் கட்டும் யந்திரத்தை உருவாக்கினார். இரு கைகளால் தூக்கி வண்டியில் எறியக்கூடிய சிறு கட்டுகளே பெரும்பாலும் வழங்கிய காலம் அது. பலர் கூடிச் செய்த வேலையை ஒருவரே செய்து முடிக்க வேண்டும் என்ற அவருடைய நோக்கம் நிறைவேறியது. ஆனால் கட்டின் எடை மனித சக்தியின் எல்லையைக் கடந்து 300 கிலோ, 600 கிலோ, சில சமயங்களில் 900 கிலோ என்று வளர்ந்த பிறகும், ஜனங்களின் மனம் மட்டும் பழைய எடையிலேயே நின்றுவிட்டது. 'புல்தானே, என்ன செய்துவிடும்?' என்ற அலட்சியத்துக்கு மூலம் இதுவே.

2010 செப்டம்பர் 3 அன்று இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்தில், எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற பிரசித்தி பெற்ற இசைக்குழுவில் ஒரு காலத்தில் செல்லோ வாசித்தவரான மைக் எட்வர்ட்ஸ் தம்முடைய வேனில் சாலையோடு போய்க்கொண்டிருந்தபோது, சரிவான வயலிலிருந்து உருண்டு வந்த சுமார் 600 கிலோ எடையுள்ள உருளை மோதி உயிரிழந்தார். அவர் புல்லைத் தொட்டவரல்லர். வயலில் கால் வைத்தவருமல்லர். மாண்டவரின் அஜாக்கிரதையே மரணத்துக்குக் காரணம் என்று சாதிப்பவர்கள் இந்த மரணத்துக்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

இனி, கைத்தேர்ச்சி என்ற வாதத்தை நிறுத்துப் பார்ப்போம். முன்புறத் தூக்கியின் கரங்கள் மேலெழ எழ, மட்டத்தைத் தானாகக் காக்கும் அமைப்பு அதில் இல்லாவிட்டால், கரங்களின் முனையிலுள்ள பக்கெட்டின் வாய் ஓட்டுநரின் பக்கமாகச் சாய்கிறது. புல்லில் ஊடுருவிப் பிடிக்கும் ஈட்டியோ, இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் கவ்வியோ பூட்டாமல், மண் அள்ளும் பக்கெட்டிலேயே உருளையை வைத்துத் தூக்கினால், அது கரங்களின் வழியே உருண்டு ஓட்டுநரின் மார்பின்மீது வந்து விழக்கூடும். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் பொருள் தரையைத் தொட ஒரு வினாடிகூட ஆவதில்லை. தொடும்போது அதன் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். முப்பது வருஷ அனுபவசாலிக்கும் நேற்று வந்தவனுக்கும் அந்த ஒரு வினாடிக்குள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை.

டிராக்டர் கவிழ்வதும் இத்தகையதே. முன்னே பாரம் ஏறும்போது முன் அச்சு துலாக்கோலின் நடு முனைபோல் நின்று பின் சக்கரங்களின் பாரத்தைக் குறைத்துவிடுகிறது. பிரேக்கோ பல டிராக்டர்களில் அந்தப் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது. அதோடு பாரத்தையும் உயரத் தூக்கிக்கொண்டு சரிவில் திரும்பினால், ஒரு சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்குவதே கவிழ்வதற்குப் போதும். ஆகையினாலேதான் பின்புறத்தில் எதிர்ப்பாரம் பூட்ட வேண்டும், உருளையைப் பாதை தெரியும் அளவுக்குத் தாழ்த்தியே கொண்டுசெல்ல வேண்டும், இறங்குமுன் கரங்களைத் தரையில் அமர்த்தி யந்திரத்தை நிறுத்த வேண்டும் என்ற விதிகள் ஏற்பட்டன.

கைத்தேர்ச்சி காக்கிறதா, சாதனம் காக்கிறதா என்ற கேள்விக்கு ஸ்வீடன் தேசத்தின் சரித்திரமே விடை. கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் புதிய டிராக்டர்களில் இருந்தே ஆக வேண்டும் என்று அந்நாடு 1959-இல் சட்டம் செய்து, பின்னர் பழைய டிராக்டர்களுக்கும் அதை விரிவாக்கியது. 1957-இல் லட்சம் டிராக்டர்களுக்கு 17 என்றிருந்த கவிழ்வு மரணங்களின் விகிதம் 1990-இல் 0.3 ஆகக் குறைந்தது. அந்த முப்பத்துமூன்று வருஷங்களில் ஸ்வீடன் விவசாயிகளின் கைத்திறன் ஐம்பது மடங்கு பெருகிவிட்டது என்று யாரேனும் சொல்லத் துணிவார்களா? சட்டமும் இரும்பும்தான் அங்கே உயிர் காத்தன.

ஆயினும் கவிழ்வுக்கு எதிரான இரும்புச் சட்டம் மேலிருந்து விழும் உருளையைத் தடுக்காது. ஈட்டி உருளையைப் பிடிக்குமேயன்றிக் கவிழ்வைத் தடுக்காது. இரும்புச் சட்டம் உள்ள டிராக்டரில் இடுப்புப் பட்டையை அணியாதவர், கவிழ்கிற கணத்தில் அந்தச் சட்டத்தின் காவலுக்கு வெளியே எறியப்படக்கூடும். ஒவ்வோர் அபாயத்துக்கும் அதற்குரிய சாதனம் வேண்டும். ஒன்றை வாங்கி வைத்துவிட்டு மற்றவற்றுக்கு அனுபவத்தை ஈடாக நம்புவது தற்கொலைக்கு நிகர்.

மழை வருமுன் புல்லை ஒதுக்க வேண்டும், ஈட்டி மாட்ட நேரமில்லை, எதிர்ப்பாரத்துக்குப் பணமில்லை என்ற ஆட்சேபங்களை நான் அற்பமென்று தள்ளவில்லை. விவசாயியின் அவசரம் மெய்யானது, வறுமையும் மெய்யானது. ஆனால் நனைந்த புல்லை அடுத்த வருஷம் மறுபடி விளைவிக்கலாம். குடும்பத்தலைவனை மறுபடி பெற முடியாது. பெருந்தொகை கொடுத்து டிராக்டரும் தூக்கியும் வாங்குகிறவர், அவற்றோடு ஈட்டியையும் எதிர்ப்பாரத்தையும் விலையில் சேர்த்துக் கணக்கிடாதது வறுமையால் அன்று. அவை அநாவசியம் என்ற அந்தப் பழைய நம்பிக்கையால்தான்.

இந்த நம்பிக்கை நமக்கும் அந்நியமன்று. அறுவடை யந்திரம் போன பிறகு காவிரி டெல்டாவின் வயல்களில் டிராக்டர் இழுக்கும் கட்டு யந்திரங்கள் இப்போது வைக்கோலைச் சுருட்டுகின்றன. நம் கட்டுகள் கையால் தூக்கத்தக்க சிறியவை. ஆனால் டிராக்டரின் விசையைக் கடத்தி அந்த யந்திரத்தைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 தடவை, அதாவது வினாடிக்கு 9 தடவை சுற்றுகிறது. உறை கழன்ற தண்டில் வேட்டி நுனி சிக்கினால், கையை நீட்டி யந்திரத்தை நிறுத்துமுன் உடல் சுற்றப்பட்டுவிடும். 'பார்த்துச் செய்தால் ஒன்றும் ஆகாது' என்று சொல்லிக் கூலியாளை அந்த உறையற்ற தண்டின் அருகே அனுப்புகிற உடைமையாளர், தம் கடமையை அவன் சாமர்த்தியத்தின் தலையில் கட்டிவிடுகிறார். உறையில்லாத தண்டும், ஈட்டியில்லாத தூக்கியும், இரும்புச் சட்டமில்லாத டிராக்டரும் வேலைக்கு லாயக்கற்றவை என்று மறுப்பதற்கு உழைப்பவனுக்கு உரிமை உண்டு. அந்த மறுப்பைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்யாமல், அந்தச் சாதனங்களைப் பூட்டித் தருவது உடைமையாளரின் கடமை.