யூக்ளிடை ஏன் வங்கிக்கு இழுக்கிறீர்கள்?

நிதி விகிதப் பகுப்பாய்வின் வரலாறு என்று சென்ற இதழில் எழுதிய நண்பர், கி.மு. 300 வாக்கில் யூக்ளிடிடம் புறப்பட்டு, 1494இல் வெனிஸில் கணக்குப்பதிவு நூல் வெளியிட்ட பாச்சோலியிடம் இளைப்பாறி, நேரே இன்றைய பேலன்ஸ் ஷீட்டில் வந்து இறங்கிவிட்டார். நடுவில் ஐந்நூறு ஆண்டுகளைக் காணோம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதென்றால் இதுதான்.

யூக்ளிடின் ஐந்தாம் நூல் விகிதங்களைப் பற்றியதுதான், யார் இல்லை என்றார்கள்? வகுக்கத் தெரிந்தவரெல்லாம் வங்கியாளர் என்றால் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கிளை திறந்து கொடுக்கலாம். பாச்சோலி எழுதியது, வணிகன் தன் கணக்கைத் தானே ஒழுங்காக வைத்துக்கொள்ள. விகிதம் தேவைப்பட்டதோ, அடுத்தவன் கணக்கைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டி வந்தவனுக்கு.

அவன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் கடன் கொடுத்துக்கொண்டிருந்த வங்கிக்காரன். ஆளையும் நாணயத்தையும் பார்த்துக் கொடுத்தது போய், முகம் தெரியாத கம்பெனிகளுக்குக் கொடுக்கும் காலம் வந்திருந்தது. 1895இல் நியூயார்க் மாநில வங்கியாளர் சங்கத்தின் நிர்வாகக் குழு, கடன் கேட்பவரிடம் சொத்து, பொறுப்பு விவரத்தை எழுதிக் கையெழுத்துடன் வாங்குங்கள் என்று உறுப்பினர்களுக்குப் பரிந்துரைத்தது. இப்படித் தாள்கள் வந்து குவிந்த காலத்தில்தான் நடப்புச் சொத்தை நடப்புப் பொறுப்பால் வகுத்துப் பார்க்கும் 'கரண்ட் ரேஷியோ' பழக்கம் வேர்பிடித்தது. நண்பரின் கட்டுரையில் 1895 என்ற எண்ணே இல்லை.

இதையெல்லாம் பேராசிரியர்கள் கண்டுபிடித்தார்களாம். லாப வீதத்தை விற்பனைச் சுழற்சியால் பெருக்கி முதலீட்டின் ஈட்டத்தைக் காட்டும் டூபான்ட் முறையை வகுத்த டொனால்ட்சன் பிரவுன், மின்பொறியாளர். போகட்டும்.

பொறுக்க முடியாதது, 'ஒன்றுக்கு இரண்டு' என்ற கரண்ட் ரேஷியோவை நண்பர் அறிவியல் விதி என்றது. அது வங்கிக்காரரின் கைக்கணக்கு. பாதி விலைக்குச் சொத்து போனாலும் கடன் வசூலாக வேண்டும் என்ற முன்ஜாக்கிரதை. 1919இலேயே அலெக்சாண்டர் வால் 981 நிறுவனங்களின் கணக்கைத் தொழில்வாரியாகவும் வட்டாரவாரியாகவும் பிரித்து, எல்லாருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்று காட்டிவிட்டார். நம் நாட்டில் 1975இல், வங்கிக் கடனுக்கு வரம்பு வகுத்த டாண்டன் குழு சொன்ன இரண்டாம் முறைப்படி கணக்குப் போட்டால் வருவது 1.33. எந்த விதி ஐயா கடல் தாண்டியதும் இளைத்துப்போகும்?

அந்த 'விதி'யை வளைக்கவும் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். நடப்புச் சொத்து 200 லட்சம், நடப்புப் பொறுப்பு 100 லட்சம் என்று வையுங்கள். ரேஷியோ 2. மார்ச் 30ஆம் தேதி கையிலிருக்கும் ரொக்கத்தில் 50 லட்சத்தை எடுத்துக் கடனில் கட்டிவிட்டால் 150க்கு 50, ரேஷியோ 3. ஏப்ரல் முதல் வாரத்தில் அதே 50 லட்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தொழிலில் ஒரு மூட்டைச் சரக்குகூடக் கூடவில்லை, பேலன்ஸ் ஷீட் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கும். மேலும் கீழும் சேர்ந்தே மாறும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது என்று ஸ்டீபன் கில்மன் 1925இலேயே கேட்டார்.

சரி, வீழ்ச்சியை முன்கூட்டிச் சொல்லவாவது அந்த ரேஷியோ உதவியதா? 1966இல் வில்லியம் பீவர், நொடித்துப்போன 79 நிறுவனங்களையும் நொடிக்காத 79 நிறுவனங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார். வீழ்ச்சியை முன்கூட்டிக் காட்டியதில் முதலிடம், பணவரவுக்கும் மொத்தக் கடனுக்கும் உள்ள விகிதத்துக்கு. நண்பரின் கரண்ட் ரேஷியோ வெகுதூரம் பின்தங்கி நின்றது.