அழியாத சக்தியை ஏன் சேமிக்க வேண்டும்?

சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்ற மட்டுமே முடியும். பள்ளியில் அறிவியல் படித்த எவரும் இவ்விதியை மறந்திருக்க மாட்டார்கள். ‘மின்சாரத்தைச் சேமிப்பீர்’ என்ற அறிவிப்பையும் நாம் எங்கும் பார்க்கிறோம். இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறதே! அழியவே அழியாத ஒன்றை எதற்காகச் சேமிக்க வேண்டும்? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், இதற்கு விடை தெரியாமல் சிக்கனத்தைப் போதித்தால் அது வெறும் சுவரொட்டியாகவே நின்றுவிடும்.

திரெங்கானுவின் கென்யிர் அணையை எடுத்துக்கொள்வோம். உயரத்தில் தேங்கிய நீரில் நிலைச் சக்தி இருக்கிறது. நீர் கீழே பாயும்போது அது இயக்கச் சக்தியாக மாறிச் சுழலியைச் சுற்றுகிறது. சுழலியோடு இணைந்த மின்னாக்கி அதை மின்சக்தியாக்குகிறது. வழியில் எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் மணி) மின்சாரம் பெற ஏறக்குறைய 3,700 லிட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும்.

ஆயினும், தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது. பேராக், மஞ்சோங் கடலோரத்தில் உள்ள அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் இரசாயனச் சக்தி எரிந்து வெப்பமாகிறது. வெப்பம் நீரை நீராவியாக்குகிறது; நீராவி சுழலியை இயக்குகிறது. இத்தகைய நிலையங்களில் எரிபொருளின் சக்தியில் 100க்குச் சுமார் 40 பங்குதான் மின்சாரமாக வெளிவருகிறது. எஞ்சிய 60 பங்கு எங்கே போயிற்று? அழிந்துவிடவில்லை. புகைபோக்கி வழியாகக் காற்றிலும், குளிர்விக்கும் நீர் வழியாகக் கடலிலும் வெப்பமாகக் கலந்துவிட்டது.

நம் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. சக்தியின் அளவு குறையவில்லை, தரம் குறைந்துவிட்டது. கடலில் கலந்த அந்த வெப்பத்தைத் திரும்பத் திரட்டி நம் வீட்டு விளக்கை எரிய வைக்க நடைமுறையில் இயலாது. பயன்படும் சக்தி சிதறிக்கொண்டே போவது இயற்கையின் பொதுப்போக்கு என்று 1852ஆம் ஆண்டிலேயே வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) எடுத்துரைத்தார். நூறு வெள்ளி நோட்டைச் சில்லறையாக்கி வழியெல்லாம் இறைத்துவிட்டுப் போவதற்கு இதை ஒப்பிடலாம். ஒரு காசும் அழியவில்லை. ஆனால், ஒருவேளைச் சோறு வாங்கக் கையில் காசு இல்லை. ஆகவே, நாம் சேமிக்க வேண்டியது சக்தியை அல்ல, அதன் பயனை.

இனி நம் விடுதிகளுக்கு வருவோம். பல விடுதிகளில் மின்கட்டணம் தங்கும் கட்டணத்தோடு சேர்ந்துவிடுவதால் கணக்கு நம் கண்ணில் படுவதில்லை. ஒரு யூனிட் மின்சாரத்தில் 75 வாட் மின்விசிறி 13 மணி நேரம் சுழலும். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனமோ அதை ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். அதே அளவு வேலையைக் கால்களால் செய்ய வேண்டுமென்றால், 60 கிலோ எடையுள்ள மாணவர் 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உச்சிக்கு 13 முறைக்கு மேல் ஏற வேண்டும்! ஒரு வெள்ளிக்கும் குறைவாகக் கிடைப்பதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

“தொழிற்சாலைகளும் பேரங்காடிகளும் இரவு பகலாக மின்சாரத்தை விழுங்கும்போது, ஓர் அறையின் விசையை அடைப்பதால் என்ன ஆகிவிடும்?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பெரிய பொறுப்பு பெரிய பயனீட்டாளர்களுக்கே உண்டு. ஆனால், கணக்கு நமக்கும் சாதகமாக இருக்கிறது. அறையில் நாம் மிச்சப்படுத்தும் ஒரு யூனிட், அனல்மின் நிலையத்தில் இரண்டரை யூனிட் அளவு நிலக்கரிச் சக்தியை எரியாமல் காக்கிறது. தவிர, நாளைய கட்டடங்களை வடிவமைக்கப் போகும் பொறியியலாளர்களும் அலுவலகங்களை நிர்வகிக்கப் போகும் அதிகாரிகளும் இன்று இந்த விடுதிகளில்தான் இருக்கிறார்கள்.

இரண்டு செயல்களைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு விடுதிக் கட்டடத்தின் மாதாந்திர மின்பயனீட்டையும் அறிவிப்புப் பலகையில் வெளியிடும்படி நிர்வாகத்தைக் கேட்போம். கணக்கு கண்ணில் பட்டால் பழக்கமும் மாறும். அடுத்தது, நம் தமிழ்ப் பேரவையின் கையிலேயே உள்ளது. நம் கலைவிழாக்களில் சேலைக்கும் வேட்டிக்கும் மேல் குளிராடை போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் நிலை ஏன்? மண்டபத்தின் வெப்பநிலையை 24 அல்லது 25 பாகை செல்சியஸில் வைக்கக் கேட்பதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

சக்தி அழியாது என்பது அறிவியல் தரும் உறுதி. அது நமக்குப் பயன்படும் வடிவிலேயே காத்திருக்கும் என்ற உறுதியை எந்த விதியும் தரவில்லை. அடுத்த விழா முடிந்து வெளியேறும்போது, விசையை அடைப்பதிலிருந்து தொடங்குவோம்.